'பிராட்டன்' எங்கிருந்து வந்தது? ஜெர்மானியச் சொல்லின் வேரைத் தேடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்து நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது. ஜெர்மன் மொழியில் ஓவனிலோ கனமான பாத்திரத்திலோ வாட்டி வேகவைத்த பெரிய இறைச்சித் துண்டுக்குப் 'பிராட்டன்' என்று பெயர். வறுப்பது, வாட்டுவது, பொரிப்பது என எல்லாவற்றுக்கும் அவர்களிடம் உள்ள வினைச்சொல்லும் 'பிராட்டன்'தான். வாட்டியதால் அந்தப் பெயர் வந்தது என்று முடிவுகட்டி, ஒரு கட்டுரை முழுவதையும் அதன் மேல் எழுப்பினேன்.

ஒரு சனிக்கிழமை இறைச்சிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இளஞ்சிவப்பாக, களி பதத்தில் அரைத்த பச்சை இறைச்சி இருந்தது. விலைச்சீட்டில் 'பிரேட்' என்று எழுதியிருந்தது. தொத்திறைச்சிக்குள் அடைக்கும் விழுது அது. தீயே படாத இறைச்சிக்கு ஏன் 'வாட்டிய' பெயர்? வீட்டுக்கு வந்து அகராதியை மறுபடி திறந்தேன். என் கட்டுரையில் பாதி அங்கேயே விழுந்தது.

அந்த நான்கு மாதம் உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜெர்மன் ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும். மொழியியல் பட்டம் தேவையில்லை.

தொடங்கும் முன் எழுத்துமுறை பற்றி ஒன்று. நம் எழுத்தில் 'ட்ட' என்று இரட்டித்தால் அழுத்தமான ஒலி. உயிர்களுக்கு நடுவே ஒற்றை 'ட' வந்தால் மென்மையான ஒலி. 'பட்டம்', 'படம்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் 'பிராட்டன்' வேறு, 'பிராடன்' வேறு. இந்த வேறுபாடு நான்காம் படியில் முழுமையாகப் பயன்படும்.

1. பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்

நான் செய்யத் தவறிய முதல் வேலை இது. இரண்டு சொல்லும் இன்று ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் இருக்கின்றன என்பதற்காக இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாளில் 'பிராட்டன், பெயர்', இன்னொன்றில் 'பிராட்டன், வினை'. கிடைக்கும் ஒவ்வொரு பழைய வடிவத்தையும் அது எந்தத் தாளுக்கு உரியதோ அதில் மட்டும் எழுதுங்கள். எந்தத் தாள் என்று தெரியவில்லையா, மூன்றாவதாக ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இதற்கு அரை மணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை.

2. அகராதிகளைச் சேருங்கள், முதல் வாரம் பணம் கொடுக்காதீர்கள்

நான் செய்த பெரிய செலவு முதல் வாரத்திலேயே நடந்தது. ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, சுவீடிஷ் போன்றவற்றுக்குத் தாய்மொழி மூல ஜெர்மானியம். கூஸ் க்ரோனன் தொகுத்த அதன் சொற்பிறப்பியல் அகராதியை பிரில் பதிப்பகம் 2013-ல் வெளியிட்டது. அருமையான நூல், ஆனால் தனிமனிதர் வாங்குகிற விலை இல்லை. பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் படித்துக் குறிப்பெடுத்தால் முடிந்தது. நான் வாங்கிவிட்டு, அந்த ஆண்டில் அதை ஐந்து முறைகூடத் திறக்கவில்லை.

இலவசமாகக் கிடைப்பவையே இந்த வேலையின் பெரும்பகுதிக்குப் போதும்.

ஜெர்மனுக்கு முதலில் டி.டபிள்யூ.டி.எஸ். தளம். பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்துவது. வோல்ஃப்காங் பிஃபைஃபரின் சொற்பிறப்பியல் அகராதி முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. சொல்லைத் தேடி, 'எட்டிமோலகீ' என்ற பகுதிக்கு இறங்குங்கள். அடுத்து கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பெரிய அகராதி: முதல் தொகுதி 1854-ல் வந்தது, வேலை முடிந்தது 1961-ல். ட்ரியர் பல்கலைக்கழகத்தின் அகராதி வலைத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. நம் சொல் வருகிற இரண்டாம் தொகுதி 1860-ல் வெளிவந்தது. மேற்கோள்களுக்கு அது தங்கச் சுரங்கம். வேர் பற்றி அதில் சொல்லியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு ஆய்வு நடந்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்துக்கு போஸ்வொர்த்-டாலர் அகராதி. பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதி. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸுக்கு 1874-ல் வந்த கிளீஸ்பி-விக்ஃபுஸ்ஸோன் அகராதி. டச்சு மொழிக்கு 'எட்டிமொலொகீபாங்க்' என்ற தளம். பல சொற்பிறப்பியல் அகராதிகளின் பதிவுகள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும், புதியவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. சுவீடிஷுக்கு சுவீடிஷ் கழகத்தின் அகராதி. தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகி, 2023-ல்தான் அகரவரிசையின் கடைசி எழுத்து வரை முடித்தார்கள். எல்லாம் இலவசம்.

கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியவை இரண்டு: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஃபிரீட்ரிக் குளூகேயின் ஜெர்மன் சொற்பிறப்பியல் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டை உங்கள் நூலக அட்டை எண்ணைக் கொண்டே திறக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பல நூலகங்கள் தருகின்றன. குளூகே வேண்டுமானால் எல்மார் ஸேபோல்ட் திருத்திய பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள். முதல் பதிப்பு 1883-ல் வந்தது. அதன் மின்வருடல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், புதியவர்கள் அதில் போய் விழுவார்கள். நானும் விழுந்தேன். 2011-ல் வந்த 25ஆம் பதிப்பு நல்லது.

ஜெர்மனியில் இருப்பவர்கள் 'ஃபெர்ன்லைஹ' முறையைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாத நூலை வேறு ஊரிலிருந்து தருவித்துக் கொடுப்பார்கள். எனக்கு ஒரு நூலுக்கு 1.50 யூரோ ஆனது, வந்துசேர இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தையும் கணக்கில் வைத்து, வேலையைத் தொடங்கும் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். மற்ற படிகளை முடிக்கும்போது நூல் கையில் இருக்கும்.

3. இன்றைய பொருளை மறந்து, மிகப் பழைய பொருளை எழுதுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

பெயர்ச்சொல் தாளை எடுங்கள். இன்றைய ஜெர்மனின் மிகப் பழைய எழுத்து வடிவமான பழைய உயர் ஜெர்மனில் அது 'பிராட்டோ'. பொருள்: இறைச்சித் துண்டு, எலும்பில்லாத மென்சதை, தசைப்பகுதி. சமைத்தது என்ற பொருள் அதில் கட்டாயமில்லை. பழைய நார்ஸில் இதற்கு இணை 'பிராத்'. கிளீஸ்பி-விக்ஃபுஸ்ஸோனில் பாருங்கள்: பச்சை இறைச்சி, வேட்டை விலங்கு தின்னும் இரை. இன்றைய ஐஸ்லாந்து மொழியிலும் அந்தச் சொல்லுக்கு இரை என்றே பொருள். பழைய ஆங்கிலத்தில் 'பிரேட' என்றால் வாட்டிய இறைச்சி. ஆனால் அதே சொல் 'லெண்டெபிரேட' என்ற கூட்டுச்சொல்லில் வரும்போது இடுப்புப் பக்கத்துச் சதை.

இப்போது ஜெர்மனில் இன்னும் உயிரோடு இருக்கும் உறவுக்காரர்களைத் தேடுங்கள். 'வில்ட்பிரேட்' என்றால் வேட்டையாடிக் கொண்டுவந்த மான், காட்டுப்பன்றி போன்றவற்றின் இறைச்சி. சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் அதே பெயர். அப்புறம் நான் கடையில் பார்த்த 'பிரேட்'. வடக்கே இரை, காட்டில் கிடைத்த இறைச்சி, கடையில் பச்சை விழுது. மூன்றிலும் தீ இல்லை.

வினைச்சொல் தாள் வேறு கதை சொல்லும். பழைய உயர் ஜெர்மனில் 'பிராட்டன்', டச்சில் 'பிராடன்', பழைய ஆங்கிலத்தில் 'பிரேடன்'. எல்லாவற்றுக்கும் வாட்டுவது, சுடுவது என்றே பொருள். சூடு அதிலிருந்து விலகவே இல்லை.

பிஃபைஃபரும் குளூகேயும் வந்து சேரும் இடம் இதுதான்: பெயர்ச்சொல் முதலில் 'சதை' என்றே இருந்தது. ஒலியில் ஒத்த வினைச்சொல் பக்கத்திலேயே இருந்ததால், மக்கள் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். சதை என்ற சொல் மெல்ல 'வாட்டிய சதை' ஆயிற்று. நமக்கு இது புதிதல்ல. சங்கப் பாடல்களில் 'கறி' என்றால் மிளகு. இன்று 'கறி எடுத்துட்டு வா' என்றால் யாரும் மிளகு வாங்கிவருவதில்லை. சொல் அப்படியே நிற்க, பொருள் நகர்ந்துவிடுகிறது. இந்த நகர்வைத் தேதியோடு பிடிப்பதுதான் உங்கள் வேலை.

தேதியோடு கிடைக்கிற ஆவணம் ஒன்றாவது கையில் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் ஆர்ன்ஸ்டட் ஊரில் இருந்த கன்னியர் மடத்தின் கணக்கு. 1404-ல் 'பிராட்வுர்ஸ்ட்' செய்யக் குடல் வாங்கியதற்கு ஒரு க்ரோஷன் காசு கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். அகராதி வரிகள் எவ்வளவு படித்தாலும், யாரோ ஒருவர் மடத்துச் செலவை எழுதும்போது இந்தச் சொல்லைக் கையால் எழுதினார் என்று தெரியும்போது வருகிற நெருக்கம் தனி.

இந்த 'பிராட்வுர்ஸ்ட்'டிலேயே ஒரு பொறி. வாட்டித் தின்பதால் அந்தப் பெயர் என்று ஜெர்மானியர்களே சொல்வார்கள். சொல்லின் முற்பகுதி வினையிலிருந்து வரவில்லை. உள்ளே அடைக்கும் சதையைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது. வாட்டுகிற தொத்திறைச்சி இல்லை, சதையால் ஆன தொத்திறைச்சி. உள்ளூர் நண்பர் உறுதியாகச் சொன்னார் என்பதற்காக எதையும் எழுதிவிடாதீர்கள். தாய்மொழி பேசுபவருக்கு இன்றைய பொருள் தெரியும். வேர் தெரிய வேண்டும் என்பதில்லை. நம் விஷயத்திலும் அப்படித்தானே.

4. ஒலிப்பொருத்தத்தை ஒரு துணைச்சொல்லோடு சரிபாருங்கள்

'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது' என்பது சான்று ஆகாது. அதே ஒலிகள் உள்ள, ஐயத்துக்கு இடமில்லாத வேறொரு சொல்லை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நம் வினைச்சொல்லுக்கு மிகப் பொருத்தமான துணை, அறிவுரை சொல்வது அல்லது ஊகிப்பது என்ற பொருளுள்ள சொல்:

ஜெர்மன் ராட்டன், டச்சு ராடன், பழைய ஆங்கிலம் ரேடன்.
ஜெர்மன் பிராட்டன், டச்சு பிராடன், பழைய ஆங்கிலம் பிரேடன்.

இரண்டு வரிசையும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காருகின்றன. ஜெர்மனில் வன்மையான ஒலி இருக்கும் இடத்தில் டச்சிலும் ஆங்கிலத்திலும் மென்மையான ஒலி. ஜெர்மனில் 'ஆ' உள்ள இடத்தில் பழைய ஆங்கிலத்தில் 'ஏ' போன்ற விரிந்த ஒலி. பழைய ஆங்கில 'ரேடன்'தான் இன்றைய 'ரீட்', அதாவது படி. 'பிரேடன்' பிழைத்திருந்தால் இன்று ஏறத்தாழ 'பிரீட்' என்று ஒலித்திருக்கும். ஆங்கிலம் அதைக் கைவிட்டுவிட்டு வேறு சொல்லை எடுத்துக்கொண்டது.

இதற்கு ஒரு மாலை ஆகும். எனக்கு மூன்று நாள் போனதற்குக் காரணம் வேறு: மூல ஜெர்மானிய வடிவத்தில் அந்த உயிரொலியை ஒரு நூல் ஒரு குறியிலும் இன்னொரு நூல் வேறு குறியிலும் எழுதியிருந்தது. இரண்டு வேர் என்று நினைத்து இரண்டையும் துரத்தினேன். ஒரே ஒலிதான். ஒவ்வொரு நூலின் முன்பகுதியிலும் குறியீட்டு விளக்கம் இருக்கும். அந்த நான்கு பக்கத்தைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள்.

5. கடன் சொற்களைத் தனியே எடுத்து வையுங்கள்

வாட்டிய இறைச்சிக்கான சொற்கள் நாடு விட்டு நாடு போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. ஒரே மொழியில் பிறந்த சொல் எது, அண்டை வீட்டிலிருந்து வந்தது எது என்று பிரிக்காவிட்டால் உங்கள் வரைபடம் குழம்பிவிடும்.

முதலில் 'ஸ்டேக்'. ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டில் தென்படுகிறது. கல் என்ற சொல்லைத் துணைக்கு வைப்போம்: பழைய நார்ஸில் 'ஸ்டெயின்', சுவீடிஷில் 'ஸ்டேன்', ஆங்கிலத்தில் 'ஸ்டோன்'. இந்தக் கணக்குப்படி ஆங்கிலத்திலேயே பிறந்த சொல் என்றால் அது 'ஸ்டோக்' என்பது போல் ஆகியிருக்க வேண்டும். 'ஸ்டேக்' என்று நிற்பதே அது வெளியிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி. வந்தது பழைய நார்ஸின் 'ஸ்டெயிக்'கிலிருந்து. வாட்டிய இறைச்சி என்று பொருள். குச்சியில் குத்தித் தீயில் வாட்டும் பழக்கம் அதற்குள் இருக்கிறது. ஆங்கில 'ஸ்டிக்'குக்கு அது சொந்தம். சுவீடிஷிலும் நார்வேயிலும் டென்மார்க்கிலும் வாட்டிய பெரிய துண்டுக்கு இன்றும் இந்தச் சொல்லின் வடிவங்கள்தான், 'பிராட்டன்' குடும்பம் இல்லை. பிற்பாடு ஜெர்மன் ஆங்கிலத்திடமிருந்து 'ஸ்டேக்'கைக் கடன் வாங்கியது. ஜெர்மன் உணவு விடுதி அட்டையில் 'ஸ்டேக்'கைப் பார்த்து அதைப் பழைய ஜெர்மன் சொல் என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து 'ரோஸ்ட்'. இது ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, ஆனால் பிரெஞ்சு அதை ஃபிராங்க் மக்களின் ஜெர்மானிய மொழியிலிருந்து எடுத்தது. அங்கேயே நின்ற கிளை பழைய உயர் ஜெர்மனில் 'ரோஸ்டன்', அதாவது இரும்புத் தட்டியின் மேல் வாட்டுவது. ஒரு ஜெர்மானியச் சொல் பிரான்சுக்குப் போய், உடை மாற்றி, இன்னொரு ஜெர்மானிய மொழிக்குத் திரும்பி வந்திருக்கிறது. நம் 'பிராட்டோ'வும் இதே பயணம் போயிருக்கிறது: பழைய பிரெஞ்சில் சதைத்துண்டு என்ற பொருளில் 'பிராவோன்', அது ஆங்கிலத்தில் 'பிரான்', இன்று உடல்வலிமை என்ற பொருளில். நான்கு மாதத்தில் எனக்கு மிக மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு இது. வழியெல்லாம் 'சதை' என்ற பழைய பொருளைக் கைவிடாமல் கொண்டுபோயிருக்கிறது பாருங்கள்.

ஒலிப்பொருத்தம் பிடிக்காத கடனும் உண்டு. சுவீடிஷில் வேட்டை இறைச்சிக்கு 'வில்லெபுரோட்'. பின்பாதியின் உயிரொலி சுவீடிஷுக்கு இயல்பாகவே அமைந்துவிட்டதால் சொந்தச் சொல் போலத் தெரியும். அகராதியைத் திறந்தால் வட ஜெர்மன் வணிகர்களின் மொழியிலிருந்து வந்தது என்று இருக்கும். அதனால் நான்காம் படியில் தேறிய சொல்லையும் அந்தந்த நாட்டு அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

6. போலி உறவினர்களை வெளியே அனுப்புங்கள்

நான் சிக்கியவற்றை மட்டும் சொல்கிறேன். ஆங்கில 'பிரெட்', ரொட்டி: ஒலியில் பக்கம், வேறு வேர், ஜெர்மன் இணை 'புரோட்', உயிரொலி நம் சொல்லோடு சேரவே சேராது. 'வில்ட்பிரேட்'டின் கடைசிப் பகுதி பலகை என்ற பொருளுள்ள 'பிரெட்' இல்லை; எழுத்து மட்டும்தான் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது.

கடினமானது 'ரொஸ்ட்'. இன்றைய ஜெர்மனில் இரும்புத் தட்டிக்கும் அதே சொல், துருவுக்கும் அதே சொல். தட்டி துருப்பிடிக்கும் என்பதால் இரண்டையும் கோத்து அழகாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். பழைய உயர் ஜெர்மனில் தட்டி 'ரோஸ்ட்', நெடில். துரு 'ரொஸ்ட்', குறில். தமிழில் எழுதிப் பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பழைய அகராதிகளில் நெடிலுக்கு எழுத்தின் மேல் ஒரு கோடு அல்லது கூரைபோன்ற குறி இருக்கும். நகலெடுக்கும்போது அந்தக் குறியை விட்டால் வேலை முழுவதும் கெட்டுவிடும்.

7. எழுதும்போது எங்கே நிற்க வேண்டும்

மூல ஜெர்மானியம் வரை போங்கள், அங்கே நில்லுங்கள். அந்த வடிவங்கள் எந்தக் கல்வெட்டிலும் ஓலையிலும் கிடைத்தவை அல்ல, ஒப்பிட்டு மீட்டெடுத்தவை. அதனால்தான் முன்னால் உடுக்குறி (*) போடுகிறார்கள். குறியை நீக்கிவிட்டு எழுதுவது கிடைக்காத ஆவணத்தைக் கிடைத்தது என்று சொல்வதற்குச் சமம். அதற்கும் பின்னால், இந்தோ-ஐரோப்பிய வேர் என்று வரும்போது பெயர்ச்சொல் விஷயத்தில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. அங்கே போய்த்தான் என் கடைசி ஒரு மாதம் கரைந்தது.

ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அகராதியின் பெயர், பதிப்பு ஆண்டு, நீங்கள் பார்த்த தேதி மூன்றையும் எழுதுங்கள். இணைய அகராதிகளில் பதிவுகளைத் திருத்துவார்கள். தேதி இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் குறிப்பையே உங்களால் நம்ப முடியாது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்சனரியைத் திசை காட்ட வைத்துக்கொள்ளுங்கள், சான்றாகக் காட்டாதீர்கள்.

என் கணக்குப்படி: தாள் பிரிப்பு அரை மணி, அகராதி சேர்ப்பு ஒரு நாள், பழைய பொருள் இரண்டு மாலை, ஒலிப்பொருத்தம் ஒரு மாலை, கடன் சொற்கள் இரண்டு நாள், போலிகள் ஒரு மாலை, எழுதுவது மூன்று நாள். பணம், இரண்டு நூல் தருவித்தால் மூன்று யூரோ.

முதல் முயற்சிக்கே 'பிராட்டன்' கனமாகத் தோன்றினால், நம் ஊர் ஓட்டலில் சொல்கிற 'நெய் ரோஸ்ட்'டில் உள்ள 'ரோஸ்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனின் இடைக்கால ஆங்கில அகராதி, பிஃபைஃபர், டச்சுத் தளம் மூன்றும் போதும். ஒரே மாலையில் சென்னையிலிருந்து ஃபிராங்குகள் வரை போய்விடலாம். முடித்தபின் துரிங்கியாவின் 'ரொஸ்ட்பிராட்வுர்ஸ்ட்' என்ற பெயரை எடுத்து வைத்துப் பிரியுங்கள்: முதல் பகுதி தட்டி, நடுவில் சதை, கடைசியில் தொத்திறைச்சி. அதை உதவியில்லாமல் பிரிக்க முடிந்தால் முதல் படிக்குத் திரும்பி வந்து இரண்டு தாளை எடுங்கள்.